துருப் பிடித்த ஸ்ட்ராண்டை நம்பலாமா? கேள்வி பதில்

பாலங்களில் கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க, ஏழு கம்பிகளை முறுக்கிச் செய்த ஸ்ட்ராண்டை ஜாக் வைத்து இழுத்துக் கட்டுகிறோம். அதில் துரு ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: கடலோர சைட். ஸ்ட்ராண்ட் சுருளான காயிலைப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது, மேலே மஞ்சள் துரு. இழுக்கலாமா?

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து ஒரு முழ நீளம் அழுத்தித் தேயுங்கள். துரு போய் வழவழப்பான கம்பி தெரிந்தால் பயமில்லை. ஊசியால் குத்தியதுபோலப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிந்தாலோ நகம் தட்டினாலோ அந்தக் காயிலை ஒதுக்கிவிடுங்கள். கம்பிகளுக்கு நடுவே உள்ள இடுக்கையும் பிரித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே ஏறித் தங்குவது அங்கேதான்.

கேள்வி: எடையில் 2 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. பலமும் அவ்வளவுதானே குறையும்?

இல்லை. துரு சீராகத் தேய்த்திருந்தால் உங்கள் கணக்கு சரி. உப்பு பட்ட கம்பியில் அரிப்பு குழியாக இறங்கும். 12.7 மி.மீ. ஸ்ட்ராண்டில் ஒவ்வொரு கம்பியும் சுமார் 4.2 மி.மீ. தடிமன்தான். அதில் அரை மி.மீ. குழி விழுந்தால் எடையில் ஒன்றும் தெரியாது. ஆனால் இழுக்கும்போது தகைவு, அதாவது கம்பியின் குறுக்குப் பரப்பு தாங்கும் இழுவை, அந்தக் குழியின் அடியில் குவிகிறது. மற்ற இடமெல்லாம் நீளத் தொடங்கும் முன்பே அங்கே கம்பி கிழிந்துவிடுகிறது. அதனால் முதலில் அடிவாங்குவது நீட்சி, அதாவது அறுவதற்கு முன் கம்பி நீளும் அளவு. பலம் அப்புறம்தான் இறங்கும். வண்டிகள் ஓடும் பாலத்தில், பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் களைப்பு விரிசல் தொடங்குவதும் இதே குழியில்தான். எடையை விடுங்கள், மிக ஆழமான குழியைத் தேடி அளந்து பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்குத் துருப் பிடித்த முறுக்குக் கம்பியைக் கட்டுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

முறுக்குக் கம்பி 500 மெகாபாஸ்கல் அளவில் இளகிக் கொடுக்கும். ஸ்ட்ராண்டின் பலம் 1860 மெகாபாஸ்கல். அதில் பாதிக்கு மேல் இரவும் பகலும் இழுவையிலேயே நிற்கிறது. இவ்வளவு வலுவான எஃகுக்குள் அரிப்பில் பிறக்கும் ஹைட்ரஜன் புகுந்தால், துரு அதிகம் இல்லாமலேயே கம்பி நொறுங்கும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் 1971இல் திறந்த கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 விடியற்காலை ஆற்றில் விழுந்தது. உள்ளே இழுத்துக் கட்டியிருந்த முன்தகைவுக் கம்பிகளில் ஹைட்ரஜன் ஏற்படுத்திய விரிசல்தான் முக்கியக் காரணம். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

கேள்வி: ஸ்ட்ராண்ட் ஓடும் குழாயான டக்டுக்குள் சிமெண்ட் கூழான கிரவுட் போட்டுவிட்டால் பாதுகாப்புதானே?

முழுதாக நிரம்பினால்தான். வேல்ஸில் 1953இல் கட்டிய யனிஸ்-எ-குவாஸ் பாலம் 1985 டிசம்பரில் விழுந்தது. பாலத்தைச் சேர்த்துக் கட்டிய கான்கிரீட் துண்டுகளின் இணைப்புகள் வழியே உப்புத் தண்ணீர் இறங்கிக் கம்பிகளை அரித்திருந்தது. டக்டின் மேட்டுப் பகுதியில் கிரவுட்டின் தண்ணீர் பிரிந்து, காற்றுப்பை விழும் இடத்தைத் தவறாமல் பாருங்கள். ஸ்ட்ராண்டை இழுத்துக் கட்டும் ஸ்ட்ரெஸ்ஸிங் முடிந்தபின் கிரவுட்டிங்கைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

கேள்வி: 12.7 மி.மீ. ஸ்ட்ராண்டின் சோதனைத் துண்டு 186 கிலோநியூட்டனில் அறுந்தது, 183.7 தாங்கினாலே போதும். நீட்சி மட்டும் 2.6 சதவீதம். பாஸ் போடலாமா?

கூடாது. நீட்சி குறைந்தது 3.5 வேண்டும். சோதனை இயந்திரத்தின் தாடை பிடித்த இடத்திலேயே அறுந்திருந்தால் வேறு துண்டு எடுத்து மறுபடி சோதியுங்கள். நடுவில் அறுந்திருந்தால், முறிந்த முனையை லென்ஸில் பாருங்கள். குழி பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.