பையர் 'நாட் ஓகே' என்றால்?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசராக இருக்கிறேன். ஒரு கலருக்கு மூன்றாவது முறையாக லேப் டிப் (கலர் சரியா என்று பார்க்கச் சாயமேற்றி அனுப்பும் சின்னத் துணி மாதிரி) அனுப்பியும், துணி வாங்குகிற பையரிடமிருந்து 'நாட் ஓகே' என்று ஒற்றை வரியில் மெயில். அதை வைத்து மேனேஜர் எல்லார் முன்னாலும் "உனக்கு இந்தத் தொழில் வராதும்மா" என்கிறார். சேர்ந்தபோது இருந்த உற்சாகம் எங்கே போனதென்றே தெரியவில்லை. திரும்பக் கொண்டுவர வழி உண்டா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: உற்சாகம் கிடக்கட்டும், முதலில் அந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள். எந்த விளக்கில் வைத்துப் பார்த்தார்கள்? பகல் வெளிச்சத்துக்கான டி65-இல் கச்சிதமாக இருக்கிற துணி, கடை வெளிச்சத்துக்கான டிஎல்84-இல் வேறு கலராகத் தெரியும் என்பது உங்கள் சாயப்பட்டறைக்காரருக்குத் தெரியாததா என்ன! நீங்கள் அனுப்பிய ஏ, பி, சி மாதிரிகள் மூன்றில் எது கொஞ்சமாவது கிட்டத்தில் வருகிறது, சிவப்பு தூக்கலா, இல்லை மங்கலா, எந்த விளக்கில் பார்த்தீர்கள் என்று இன்றைக்கே கேளுங்கள். பதில் வந்தால் அடுத்த லேப் டிப்புக்கு ஒரு திசை கிடைக்கும். வராவிட்டாலும் கேட்டது எழுத்தில் இருக்கிறது, நாளைக்கு ஷிப்மென்ட் தள்ளிப்போனால் பழி முழுவதும் உங்கள் தலையில் விழாது.

ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் தெரசா அமாபில் என்ற பேராசிரியையும் அவர் கணவர் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களில் 238 பேரை, வேலை முடிகிற நேரத்தில் அன்றன்று நடந்ததைக் குறித்து அனுப்பச் சொன்னார்கள். ஏறக்குறைய 12,000 குறிப்புகள் சேர்ந்தன. படித்துப் பார்த்தால், மனசு தெம்பாக இருந்த நாட்களில் பெரும்பாலானவை வேலை கொஞ்சமாவது நகர்ந்த நாட்கள்தான். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: முன்னேற்றம் தருகிற தெம்பைவிட சறுக்கல் தருகிற அடி பலமானது. ஆகவே அளவு பார்க்கும் ஃபிட் சாம்பிள் ஓகே ஆனது, வாஷ்கேர் லேபிள் முடிந்தது எல்லாம் உங்களுக்கு மறந்துபோய், அந்த 'நாட் ஓகே' மட்டும் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பதில் ஆச்சரியமில்லை. முடிந்த வேலைகளைச் சாயங்காலம் டைரியில் இரண்டு வரி எழுதி வையுங்கள். சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும், தோன்றட்டும்.

மேனேஜர் விஷயத்துக்கு வருவோம். டெலிவரி தேதி அவர் கழுத்தில் கத்தியாக இருக்கும், அவரை எம்.டி. காய்ச்சியிருப்பார், அதை அவர் உங்களிடம் இறக்கிவைக்கிறார். காரணம் புரிகிறது என்பதற்காக அது சரியாகிவிடாது. டீ நேரத்தில் தனியாகப் பிடித்து, "சார், இந்த கலர்ல நான் எங்க விட்டேன், நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கத்துகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள். மீதிப் பேர் அதற்கும் கத்துவார்கள். உங்களுடையவர் அந்த ரகம், அதுவும் தினப்படி சபையில் வைத்துத்தான் என்றால், அதை உங்கள் உற்சாகக் குறைவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனி இருக்கிற ஊர் உங்களுடையது.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பாராட்டினால் பையன்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று வாயே திறப்பதில்லை. தப்பா?
- ஒரு முதலாளி, கோவை

பதில்: பாராட்டாவிட்டால் போகிறது. மேலே சொன்ன அதே ஆய்வாளர்கள் 669 மேலாளர்களிடம், ஊழியர்களுக்கு ஊக்கம் தருவது எது என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். வேலை நகர உதவி செய்வதை முதலிடத்தில் வைத்தவர்கள் 5 சதவீதம்தான். நீங்கள் அந்த 5-இல் சேர்ந்துவிடுங்கள். டிராயிங் வரவில்லை, வெட்டும் முனையான இன்செர்ட் தீர்ந்துபோச்சு என்று மெஷின் முன்னால் பையனை அரை நாள் கை கட்டி நிற்க விடாதீர்கள். பீஸ் ரிஜெக்ட் ஆனால் எத்தனை மைக்ரான் தாண்டியது என்று சொல்லுங்கள், அவன் அப்பாவை இழுக்காதீர்கள்.

கேள்வி: ஆராய்ச்சி மாணவன் நான். கருத்தரங்கில் துறையின் பெரிய மனிதர் ஒருவர் என் முடிவுகளைக் கிண்டலடித்தார், அரங்கமே சிரித்தது. சண்டை போடவா, விட்டுவிடவா?
- திருச்சி வாசகர்

பதில்: 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் இதேதான் நடந்தது. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டுப் போன சந்திரசேகருக்கு அப்போது 24 வயது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு உச்ச வரம்பு உண்டு என்றார், அடுத்துப் பேசிய, அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் அதைக் கேலி செய்ய, கூட்டம் சிரித்தது. சந்திரசேகர் சில வருடம் வாதாடிப் பார்த்தார். கணக்கு சரி என்று தனியாகச் சொன்ன பெரிய இயற்பியலாளர்கள்கூட சபையில் வாய் திறக்கவில்லை. 1939-இல் விண்மீன்களின் அமைப்பு பற்றிய புத்தகத்தில் தன் கணக்கையும் எழுதி வைத்துவிட்டு வேறு பிரிவுக்கு நகர்ந்தார், எடிங்டனோடு இருந்த நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. நோபல் 1983-இல் வந்தது. அவ்வளவு காலம் யார் காத்திருப்பது என்பீர்கள், நியாயம்தான், ஆனால் அவர் எங்கே காத்திருந்தார்? ஒரு பிரிவில் இறங்கி, புத்தகமாக எழுதி முடித்து, அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருந்தார். உங்கள் கணக்கை இன்னொரு முறை சரிபார்த்து, கட்டுரையை முதலில் அனுப்பி வையுங்கள். சண்டையை அப்புறம் பார்க்கலாம்.