கடல் இல்லாதது நம் குறையா?

கேள்வி: மீன்பிடி கிராமமாக இருந்த சிங்கப்பூர், கடல் இருந்ததால் உலக நகரமாகிவிட்டது. திருப்பூரும் கோவையும் தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் சரக்கு அனுப்பியே காலம் தள்ளுகின்றன. கொங்கு நாட்டுக்கும் ஒரு துறைமுகம் இருந்திருந்தால் நாமும் சிங்கப்பூர் ஆகியிருப்போம் அல்லவா?
(வாசகர், அவிநாசி)

பதில்: ஆகியிருக்க மாட்டோம். கடல் மட்டும் போதுமென்றால் தரங்கம்பாடி இன்று உலக நகரமாக இருக்க வேண்டும். 1620-லேயே டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிக் கப்பல் விட்ட ஊர் அது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பளிங்கும் சூதுபவளமும் அறுத்து மணி செய்திருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்குப் பாதை இருந்தது, அங்கே முசிறித் துறைமுகம் இருந்தது. ரோமாபுரிக் காசுகள் கொங்கு மண்ணில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. கடல் இல்லாமலே உலகத்தோடு வியாபாரம் செய்தவர்கள் நாம். கடலோடு இருந்த முசிறியைத்தான் இன்று தோண்டித் தேட வேண்டியிருக்கிறது.

அப்புறம், அந்த மீன்பிடி கிராமக் கதை. 1819-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது வேண்டுமானால் சிங்கப்பூர் சிற்றூர். சுங்கம் வாங்காத துறைமுகம், அதுவும் மலாக்கா நீரிணையின் வாசலில் என்றதும் கப்பல்கள் வந்து குவிந்தன. 1965-ல் மலேசியாவை விட்டுப் பிரிந்தபோது அது பேர்பெற்ற துறைமுக நகரம். ஆனால் வேலையில்லாத் திண்டாட்டம், நெருக்கியடித்த குடிசைகள், மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய ஆறு எல்லாம் அப்போதும் இருந்தன. நூற்று நாற்பத்தாறு வருடம் கப்பல் வந்தும் அவை தீரவில்லை.

பிழைக்க வந்து இறங்கிய மனிதர்களுக்கு வீடு கொடுத்தார்கள். அங்கேதான் மாற்றம் தொடங்கியது. 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைத்து, முதல் 5 ஆண்டுகளில் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து, சுமார் 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். ஓராண்டுக்குள் அவர்களுக்கு அடுக்குமாடிகளில் இடம் கிடைத்தது.

அடுத்தது ஆறு. பத்தே ஆண்டில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று 1977-ல் பிரதமர் லீ குவான் யூ கெடு வைத்தார். பன்றிப் பண்ணைகளையும் வாத்துப் பண்ணைகளையும் எடுத்தார்கள். தெருவோரச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்குக் குழாயும் சாக்கடை இணைப்பும் உள்ள உணவங்காடிகளைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தத் துறைமுகமே பிறந்த ஆற்றிலிருந்து சரக்குப் படகுகளையும் 1983-ல் தென்மேற்குக் கரையிலுள்ள பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். தலைமுறைத் தொழில் கலைந்தவர்களுக்கு அது பெரிய வலி, அதை மறைக்கக் கூடாது. 1987-ல் வேலை முடிந்தது. இன்று அந்த ஆறு சேரும் மரினா நீர்த்தேக்கம் ஊருக்குக் குடிநீர் தருகிறது.

சரி, நம் நொய்யல் ஆற்றுக்கு வருவோம். பாசனத்துக்கென்று 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினோம். சில ஆண்டுகளிலேயே அதில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுத் தண்ணீர் தேங்கியது. ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் காணாத ஊரில், அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே மன்றாடினார்கள். எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் இது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் நாம் விழித்தோம். கழிவைச் சொட்டும் வெளியே விடாமல், உப்பையும் தண்ணீரையும் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்ளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நம்மவர்கள் நடத்திக் காட்டுகிறார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஊர்ச் சாக்கடை இன்னும் நொய்யலில்தான் கலக்கிறது. அதற்கும் துறைமுகம் இல்லாததுதான் காரணமா?

போன மாதம் திருப்பூரில் ஒரு லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்துக்குப் பத்து அறையில் ஒடிசாவிலிருந்து வந்த ஆறு பையன்கள். பகல் ஷிப்டுக்குப் போனவனின் பாயில் நைட் ஷிப்ட் முடித்தவன் தூங்குகிறான். எட்டு அறைக்கு ஒரு கக்கூஸ். வாசலில் காலிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் என்றைக்கு வரும் என்று கேட்டால், "வீட்டுக்கார அக்காவுக்குத்தான் தெரியும்" என்று நல்ல தமிழில் சொல்கிறான் ஒருவன்.

இந்த விஷயத்தில் சிங்கப்பூரும் சறுக்கியது. 2020-ல் அங்கே கொரோனா அதிகம் பரவியது வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில்தான். ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராக அங்கே அடைந்து கிடந்தவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அந்தச் செய்தியைப் படித்துப் பதறிய நாம், நம் ஊர் லைன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தோமா?

திருப்பூரில் ஏற்றிய சரக்கு ஒரே ராத்திரியில் தூத்துக்குடி போய்ச் சேர்கிறது. தமிழில் பதில் சொன்ன அந்தப் பையன் இங்கே வந்து ஏழு வருடமாகிறது. பனியன் கம்பெனியில் டெய்லர். தை மாதம் கல்யாணமாம். பெண்டாட்டியைக் கூட்டிவந்து வைக்கத் தனியாக ஒரு வீடு, தண்ணீர் வசதியோடு, மாசம் என்ன வாடகைக்குக் கிடைக்கும் என்று என்னிடம் கேட்டான்.