ஆபீஸ் மெயிலைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைப்பதா, சர்வரிலேயே விடுவதா?

10 வருஷ ஆபீஸ் மெயில் இருக்கிறது, பாப் (POP) போட்டுக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்துக்கொள்வதா, ஐமேப் (IMAP) போட்டு சர்வரிலேயே, அதாவது மெயில் கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே, விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் மெயிலை எடுத்துப் படிக்கும் முறைகள். சர்வரிலேயே விடுங்கள். ஆனால் அதை நம்பி சும்மா இருந்துவிடாதீர்கள். பெங்களூரில் சின்னப் பட்டறைகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. இரண்டு வழியிலும் மெயில் தொலைந்ததைப் பார்த்துவிட்டேன்.

பீன்யாவில் ஒரு பட்டறை. முதலாளி கோயமுத்தூர்க்காரர். மெயில் முழுக்க பாப், அவுட்லுக் என்ற மெயில் சாஃப்ட்வேரில் எல்லாம் ஒரே பிஎஸ்டி (PST) ஃபைலில். "நம்ம மெயிலு நம்மகிட்டயே இருக்கோணும் தம்பி" என்பார். சனிக்கிழமைதோறும் கணக்குப் பிள்ளை அந்த ஃபைலைப் பென்டிரைவில் காப்பி எடுப்பார். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் படுத்துக்கொண்டபோது, பென்டிரைவ் இருக்கிறதே என்று தைரியமாகத் திறந்தேன். அதிலிருந்த ஃபைல் ஒன்றரை வருஷம் பழையது. பென்டிரைவ் ஃபேட்32 (FAT32) என்ற பழைய ஃபார்மட். அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைல் ஏறாது. பிஎஸ்டி அந்த அளவைத் தாண்டிய வாரத்திலிருந்து திரையில் எர்ரர் வந்திருக்கிறது, பிள்ளையும் ஓகே அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. செட் பண்ணிக் கொடுத்தவன் நான்தானே.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் டிஸ்க்கைக் கொடுத்துப் பாதி மீட்டோம். சர்வரில் கடைசி 14 நாள் மெயில் மட்டும் மிச்சம் இருந்தது, அதற்கு மேல் போனால் அழி என்று செட்டிங்கில் டிக் இருந்ததால். அதைவிடப் பெரிய அடி, அனுப்பிய மெயில்கள். பாப் இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும். நீங்கள் அனுப்பியது எந்த மெஷினிலிருந்து அனுப்பினீர்களோ அதோடு சரி. கொட்டேஷன், ரேட் ஒப்புக்கொண்ட பதில் எல்லாமே அனுப்பிய பக்கத்தில்தானே கிடக்கும்!

பாப்பைக் குறை சொல்லவும் முடியாது. அது 1984-ல் பிறந்தது. நம் ஊரில் 1995-ல் அரசு கம்பெனியான விஎஸ்என்எல் இன்டர்நெட் கொடுத்தபோதுகூட டயல்-அப்தான், போன் பில் ஓடிக்கொண்டே இருக்கும். இணை, இறக்கு, துண்டி. அந்தக் காலத்துக்கு அது சரி. மார்க் கிரிஸ்பின் 1986-லேயே ஐமேப்பை உருவாக்கிவிட்டார் என்றாலும், மெயிலை சர்வரில் குவித்து வைக்க யாரிடம் இடம் இருந்தது? ஜிமெயில் 2004-ல் 1 ஜிபி தருகிறேன் என்றபோது ஏப்ரல் ஃபூல் என்றே பலர் நினைத்தார்கள். தேதியும் ஏப்ரல் 1.

அடுத்தது என் வீட்டுக் கதை. அல்சூரில் அப்பா. அவர் ஜிமெயிலை ஐமேப்பில் போட்டு, லேப்டாப்பிலும் போனிலும் வருகிற மாதிரி செய்திருந்தேன். போனில் இடம் இல்லை என்று மொத்தமாக அழித்துவிட்டார், லேப்டாப்பில்தான் இருக்கிறதே என்று. ஐமேப்பில் சரக்கு ஒன்றுதான், அது சர்வரில் இருக்கிறது. போனும் லேப்டாப்பும் அதைப் பார்க்கிற ஜன்னல்கள். எந்த ஜன்னல் வழியாக அழித்தாலும் எல்லாவற்றிலும் போய்விடும். ஜிமெயில் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும். அப்பா என்னிடம் சொன்னது 2 மாதம் கழித்து.

அதனால் நான் இப்போது எல்லோருக்கும் செய்து கொடுப்பது இதுதான். தினசரி வேலை ஐமேப்பில். மாதம் ஒருமுறை தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் சாஃப்ட்வேரில் அந்த மாத மெயிலையும் அனுப்பியவற்றையும் லோக்கல் ஃபோல்டருக்கு, அதாவது கம்ப்யூட்டரிலேயே இருக்கும் ஃபோல்டருக்கு, காப்பி. மூவ் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சர்வரில் காலியாகிவிடும். பிறகு தண்டர்பேர்டை மூடிவிட்டு, அது மெயிலைச் சேர்த்து வைக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை, அந்த 4 ஜிபி தடை இல்லாத என்டிஎஃப்எஸ் (NTFS) ஃபார்மட் செய்த வெளி டிஸ்க்கில் போட்டு வேறு இடத்தில் வைப்பது. எடுத்த காப்பியிலிருந்து பழைய மெயில் ஒன்றையாவது திறந்து பார்த்துவிடுவேன், பீன்யா புத்தி. பில் சம்பந்தப்பட்ட மெயிலை அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள். ஜிஎஸ்டி கணக்கு விவரங்களை, வருடாந்தர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

உங்கள் செட்டிங்கில் இன்கமிங் போர்ட் 110 அல்லது 995 என்று இருந்தால் இப்போது ஓடுவது பாப். அவுட்லுக்கில் அதை அப்படியே ஐமேப்பாக மாற்ற முடியாது, அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாகச் சேர்க்க வேண்டும். பழைய மெயிலை அந்தப் புதுக் கணக்கின் ஃபோல்டர்களுக்குக் காப்பி செய்தால் சர்வருக்கு ஏறும். 10 வருஷச் சரக்கு என்கிறீர்கள், ஏற்றுவதற்கு முன் உங்கள் மெயில்பாக்ஸ் எத்தனை ஜிபி தாங்கும் என்று உங்களுக்கு மெயில் சர்வர் தரும் ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். எல்லாம் ஏறி, போனிலும் திறந்து பார்க்கும்வரை அந்தப் பழைய பிஎஸ்டி ஃபைலில் கை வைக்காதீர்கள்.