வேளச்சேரியில் தரைத்தளத்திலிருந்து ரிப்பீட்டர் எட்டவில்லை என்றால்

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்று 5 வாட் கைக்கருவி வாங்கியும், வீட்டுக்குள்ளிருந்து ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறு ஒலிபரப்பும் நிலையம்) எட்டாததால் அவசரத் தொடர்புக் குழுவில் சேரத் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். குறை பெரும்பாலும் கருவியில் இல்லை. கான்கிரீட் சுவர்களுக்குள் அந்தக் குட்டை ரப்பர் ஆண்டெனாவால் அவ்வளவுதான் முடியும்.

அதிக வாட் கருவிக்குச் செலவிடுவதற்கு முன், 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பி ஒன்றை நிமிர்த்தி, அதன் அடியில் அதே அளவில் நான்கு கம்பிகளைச் சாய்வாகக் கீழ்நோக்கி விரித்து, மொட்டைமாடியில் ஒரு பிவிசி குழாயின் உச்சியில் ஆண்டெனாவாகப் பொருத்திப் பாருங்கள். அதைக் கருவியோடு இணைக்கும் கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்: மெல்லிய ஆர்ஜி-58 வகைக் கேபிள் பத்து மீட்டரிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறனை விழுங்கிவிடும். இடி மின்னல் தொடங்கும் முன்பே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த உங்கள் பகுதிக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை, பேட்டரியை மாடியில் வையுங்கள். ரிப்பீட்டருக்கும் மின்சாரம் போகலாம் என்பதால், குழுவினருடன் சிம்ப்ளெக்ஸில், அதாவது ரிப்பீட்டர் இல்லாமல் கருவிக்குக் கருவி நேரடியாக, பேசிப் பழகுவது அவசியம். சேர்ந்த புதிதில் பேசுவதைவிட, கேட்ட செய்தியை நேரத்தோடு தாளில் பிழையின்றி எழுதித் தருபவரையே நெட் கன்ட்ரோல் (வானொலியில் குழுவின் உரையாடலை ஒழுங்குபடுத்துபவர்) தேடுவார்.