ஓட்டையை அடைச்சாச்சு, எடை ஏன் ஏறல?

கேள்வி: என் பொண்ணுக்கு இப்போ நாலரை மாசம். இதயத்துல பெரிய ஓட்டைன்னு ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன் பண்ணாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி 4.5 கிலோ, டிஸ்சார்ஜ் அன்னிக்கு 4.2, ஒரு வாரம் கழிச்சும் அதே 4.2. வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு, இப்பவும் 4.5 தான். பட்ட கஷ்டமெல்லாம் எதுக்குன்னு இருக்கு. பவுடர் பாலை கொஞ்சம் கெட்டியா கலந்து குடுன்னு வீட்டுல சொல்றாங்க, குடுக்கலாமா? என் பால் பத்தலையோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.
– ஒரு வாசகி

பதில்: அந்த பழைய 4.5-ஐ முதல்ல மறந்துடுங்கம்மா. அதுல கொஞ்சம் நீர் எடை. ஓட்டை பெருசா இருந்தா நுரையீரலுக்கு ரத்தம் அதிகமா பாயும், உடம்புலயும் நீர் தேங்கும், ஆபரேஷன் ஆனதும் நீர் போற மருந்து குடுத்து அதை வடிய விடுவாங்க, அதான் டிஸ்சார்ஜ்ல குறைஞ்சு காட்டிருக்கு. அதனால 4.2-ல இருந்துதான் எண்ணணும். முதல் வாரம் ஏறாதது சகஜம், புண் ஆறணும், குழந்தை திரும்ப குடிக்கப் பழகணும். அதுக்கப்புறம் 14 நாள்ல 300 கிராம், அதாவது நாளைக்கு 21 கிராம். இந்த வயசுல நல்லா இருக்கற குழந்தையே நாளைக்கு 15-20 கிராம்தான் ஏறும். உங்க பொண்ணு நல்லாவேதான் ஏறிட்டு இருக்கா!

முன்னாடி அவ குடிச்ச பாலெல்லாம் மூச்சு வாங்கறதுக்கே செலவாகியிருக்கும், பால் குடிக்கும்போது நெத்தி வேர்த்திருக்குமே, பாத்திருப்பீங்க. இந்த மாதிரி குழந்தைங்களுக்கு ஒரு நாளைக்கு எடையில ஒவ்வொரு கிலோவுக்கும் 120-ல இருந்து 150 கலோரி வரைக்கும்கூட தேவைப்படும். அதனால உங்க பால்ல குறைன்னு யாரும் சொன்னா காதுல போட்டுக்காதீங்க. விட்டதைப் பிடிக்க மாசக்கணக்குல ஆகும், முதல்ல எடை ஏறும், உயரம் அப்புறம்தான்.

பவுடரை நீங்களா கெட்டியா கலக்கவே கலக்காதீங்க. உப்புச்சத்து கூடும், சிறுநீரகத்துக்கு பாரம், வயித்தாலயும் போகலாம், நீர் போற மருந்து வேற ஓடிட்டு இருந்தா உடம்பு இன்னும் வறண்டுடும். கலோரி கூட்டணும்னா டாக்டரோ டயட்டீஷியனோ அளவு எழுதித் தருவாங்க, பிழிஞ்செடுத்த தாய்ப்பால்லயே சத்து சேர்க்கவும் வழி இருக்கு. ஒரு தடவை பால் குடுக்க அரை மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, குடிச்சது குடிக்கிற அலுப்புக்கே போயிடும். கொஞ்சமா, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடுங்க.

அழுகை கரகரன்னு இருந்து பால் குடிச்சா புரையேறுதுன்னா குரல்வளை நரம்பைப் பாக்கச் சொல்லுங்க, சில ஆபரேஷன்ல அது பாதிக்கப்படறதுண்டு. பால் குடுக்க டியூப் போட்டிருந்த குழந்தைங்க சிலது வாயில எதையும் வைக்கவிடாது, அதுக்கு தனியா பயிற்சி இருக்கு. பழைய மாதிரி வேர்வையும் இரைப்பும் திரும்ப வந்தா எக்கோ எடுத்துப் பாக்கணும்.

கேள்வி: எங்க பையனுக்கும் ஆபரேஷன் ஆயிருக்கு. நேத்திக்கும் இன்னிக்கும் நடுவுல 200 கிராம் ஏறிட்டான், சந்தோஷப்படலாமா?
– இன்னொரு வாசகர்

பதில்: ஒரே நாள்ல 200 கிராம் சதை போடாதுங்க. அதே தராசுதானா, டயபரோட நிறுத்தீங்களா, பால் குடிச்ச கையோடயான்னு பாருங்க. எல்லாம் சரியா இருந்தும் ஏறியிருந்தா அது நீரா இருக்கலாம். கண் இமை, பாதம் வீங்கியிருக்கா, மூச்சு வேகமா இருக்கா, மூத்திரம் குறைஞ்சிருக்கா? ஒண்ணு இருந்தாலும் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம இன்னிக்கே ஆபரேஷன் பண்ண இடத்துக்கு போன் போடுங்க. எதுவுமே இல்லேன்னா நாளைக்கு காலையில டிரஸ், டயபர் இல்லாம, பால் குடுக்கறதுக்கு முன்னாடி திரும்ப நிறுத்துப் பாருங்க, அப்பவும் அதே எடை காட்டினா டாக்டர் காதுல போட்டுடுங்க.