பாக்ஸர் ஜார்ஜ் ஃபோர்மேன் பத்தி என்ன வேணா கேளுங்க

கே: அண்ணா, ஃபோர்மேன்னாலே முகமது அலிகிட்ட தோத்தவர்னு தான் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி அவரு எப்படி?

ப: அந்த ஒத்த ஃபைட்ட வச்சு அவர எடை போடுறது எனக்கு சுத்தமா பிடிக்காது தம்பி. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ல தங்கம். 1973 ஜனவரில ஜமைக்கா கிங்ஸ்டன்ல ஜோ ஃப்ரேசியர், அதுவரைக்கும் தோல்வியே பாக்காத மனுஷன், 71ல அலியவே ஜெயிச்சவரு, அவர ரெண்டே ரவுண்டுல ஆறு தடவ கீழ சாய்ச்சாரு. அலியோட தாடைய உடைச்ச கென் நார்டனும் 74ல ரெண்டாவது ரவுண்டு தாண்டல.

கே: அப்படிப்பட்டவரு ஆப்பிரிக்கால, கின்ஷாசால அலிகிட்ட எப்படி தோத்தாரு?

ப: 74 அக்டோபர் 30, எட்டாவது ரவுண்டு நாக் அவுட். அதுக்கு முன்னாடி அவரோட கடைசி எட்டு ஃபைட்டும் ரெண்டு ரவுண்டுக்குள்ளயே முடிஞ்சிருச்சு, அதான் பிரச்சனையே. மூச்ச சேத்து வச்சு ஆடணும்ங்கற அவசியமே வரல. அலி கயித்துல சாஞ்சு கையால மறைச்சுக்கிட்டு அடிடா அடினு விட்டுட்டாரு, இவரும் அந்த புழுக்கத்துல முழு பலத்தோட வீசிக்கிட்டே இருந்து கை கனத்துப் போயி நின்னுட்டாரு.

கே: நடுவுல 10 வருஷம் ஆடவே இல்லையாமே?

ப: ஆமா. 77ல போர்ட்டோ ரிக்கோல ஜிம்மி யங்கிட்ட தோத்ததும் டிரஸ்ஸிங் ரூம்ல ஒரு ஆன்மிக அனுபவம் ஏற்பட்டுச்சுனு அவரே சொல்லியிருக்காரு. விட்டுட்டு ஹூஸ்டன்ல பிரசங்கியார் ஆயிட்டாரு, பசங்களுக்கு ஒரு சென்டர் நடத்துனாரு. 87ல திரும்பி வந்ததுக்கு அதுக்கு காசு தேவைப்பட்டதும் ஒரு காரணம்.

கே: 45 வயசுல உலக சாம்பியன் மைக்கேல் மூரர ஜெயிச்சது லக்கி பஞ்ச் தானே ப்ரோ? பாயின்ட்ல பின்னாடி தானே இருந்தாரு?

ப: பின்னாடி இருந்தது உண்மை, மூணு ஜட்ஜும் மூரருக்குத் தான் போட்டிருந்தாங்க. ஆனா லக்கினு மட்டும் சொல்லாதீங்க ப்ரோ. மூரர் சவுத்பா, வலது கை முன்னாடி வச்சு ஆடுறவரு. சவுத்பாவுக்கு எதிரா நேரா போற வலது கை குத்து தான் பெரிய ஆயுதம், ஃபோர்மேன் ஒன்பது ரவுண்டும் அடி வாங்கிக்கிட்டே ஜேப்ப, அதாவது இடது கையால நேரா நீட்டுற குத்த, மூஞ்சில வச்சு வச்சு அவர எதிர்லயே நிக்க வச்சாரு, மூரரோட கோச் டெடி அட்லஸ் விலகு விலகுனு கார்னர்ல கத்துறாரு, மூரர் கேக்கல. பத்தாவது ரவுண்டுல இடது, வலது, திரும்ப இடது, வலது. கடைசி வலது ரொம்ப தூரம்கூட போகல, குட்டையா தாடைல இறங்குச்சு. மூரர் மல்லாக்க விழுந்துட்டாரு, ஃபோர்மேன் ஓரமா போயி முட்டி போட்டு ஜெபம் பண்றாரு. 20 வருஷம் முன்ன கின்ஷாசால போட்ட அதே சிவப்பு டிரவுசர் தான் அன்னைக்கும். கின்ஷாசால அலி கார்னர்ல நின்ன கோச் ஏஞ்சலோ டண்டீ இந்த தடவ ஃபோர்மேன் கார்னர்ல. எனக்கு இப்ப பாத்தாலும் கண்ணு கலங்கும். பழைய ஃபோர்மேனா இருந்தா அஞ்சு ரவுண்டுக்குள்ள எல்லாத்தையும் கொட்டி காலியாயிருப்பாரு, ரெண்டாவது ஃபோர்மேன் தான் முழுமையான பாக்ஸர்னு நான் எங்க வேணா நின்னு சொல்லுவேன்.

கே: அவரு பேருல வித்த, இறைச்சி சுடுற கிரில் மெஷின்ல தான் நிறைய சம்பாதிச்சாராமே?

ப: ஆமா, ரிங்ல சம்பாதிச்சத விட ஜாஸ்தி. பேர பயன்படுத்துற உரிமைக்கே 1999ல 13 கோடி டாலருக்கு மேல கொடுத்தாங்க.

கே: மொத்த ரெக்கார்டு என்ன சார்?

ப: 81 ஃபைட், 76 வெற்றி, அதுல 68 நாக் அவுட். கடைசியா 97ல ஷேனன் பிரிக்ஸ்கிட்ட பாயின்ட்ல தோத்தாரு, அன்னைக்கு ஜெயிச்சது ஃபோர்மேன் தான்னு நினைக்கிறவங்க நிறைய பேரு, நானும் தான். 2025 மார்ச்ல காலமானாரு.

கே: நான் இப்ப தான் பாக்ஸிங் கத்துக்கறேன்ணா, எந்த ஃபைட் பாக்கலாம்?

ப: ரசிச்சு பாக்க 76ல ரான் லைல் கூட ஆடுனது, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி விழுந்து எந்திரிப்பாங்க. கத்துக்கணும்னா 91ல ஹோலிஃபீல்ட் கூட ஆடுன 12 ரவுண்டு, 42 வயசு, ரவுண்டுக்கு நடுவுல ஸ்டூல்ல உக்காரவே மாட்டாரு. தோல்வி தான். ஆனா முதல் தடவ பாக்கும்போது வலது கைய விட்டுட்டு அந்த இடது கைய மட்டும் பாருங்க, எப்ப நீட்டுறாரு எப்ப சும்மா வச்சிருக்காருனு.