ஓநாய் மனிதன் நாயகனாக வரும் காதல் நாவல்களில் அவன் ஏன் எப்போதும் 'ஆல்ஃபா'வாகவே, அதாவது ஓநாய்க் கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவனாகவே இருக்கிறான்?

முதல் காரணம், கதைக்கு அது வசதி. காதல் கதை நகரத் தடைகள் வேண்டும். கூட்டத்தின் தலைவன் என்றால் அவை தானாக வந்து சேரும்: பதவிக்குப் போட்டியிடுபவன், எல்லைச் சண்டை, மனிதப் பெண்ணை ஏற்காத மூத்தவர்கள். அப்புறம், எல்லோரையும் அடக்குபவன் ஒருத்தியிடம் மட்டும் அடங்கிப்போவதைப் படிக்கத்தான் பலர் இந்த வகைக்கே வருகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நிஜ ஓநாய்கள் இப்படி வாழ்வதில்லை. போட்டியில் ஜெயித்த ஆல்ஃபாதான் கூட்டத்தை ஆள்கிறது என்ற கருத்தை விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியது அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து. 1970இல் வந்த தன் புத்தகத்தால் அந்தக் கருத்தைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999இல் அவரே திருத்தி எழுதினார். நாவல்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. குட்டிகளைக் கட்டி மேய்க்கும் அப்பாவை அட்டையில் போட்டால் எடுபடாது, சரிதானே?

இதோடு ஒட்டி வருவது 'விதிக்கப்பட்ட துணை'. வாசனையை வைத்தே இவள்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் விட்டுப் போய்விடுவானோ என்ற பயம் ஆரம்பத்திலேயே தீர்ந்துவிடுகிறது. சரி, அவளுடைய சம்மதம்? திறமையான எழுத்தாளர்கள் இந்தக் கேள்வியையே கதையின் மையமாக்குகிறார்கள். மற்றவர்கள் பொறாமையையும் மிரட்டலையும் காதல் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மாதிரி நாயகனை என்னால் ரசிக்க முடிவதில்லை.